கம்பெனி மெயிலை வெளியிலிருந்து பாதுகாப்பாகப் பார்க்க: சர்வரிலிருந்து கைப்பேசி வரை முழு வழிகாட்டி

உங்கள் நிறுவனத்துக்குச் சொந்த மெயில் சர்வர் இருக்கிறது. அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மெயில் ஒழுங்காக வருகிறது, இப்போது வீட்டிலிருந்தும் பயணத்திலும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பும், வாங்கும் மென்பொருள்) டவ்காட்டும் (வந்த மெயிலை அவரவருக்கு எடுத்துக்கொடுக்கும் மென்பொருள்) ஓடுவதாக வைத்துக்கொள்கிறேன். வேறு மென்பொருள் என்றாலும் வரிசை மாறாது.

அந்த வரிசைதான் இதில் எல்லாமே. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களில் நான் பார்த்த பலரும் முதலில் ரவுட்டரில் போர்ட்டை (ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) திறக்கிறார்கள், மெயில் வந்துவிட்டதும் நிம்மதியாகி, பாதுகாப்பை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்களுக்குத் திறந்த போர்ட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவையில்லை. லாகை (சர்வரின் நிகழ்வுப் பதிவு) திறந்து பார்த்தால் இன்ஃபோ, அட்மின், சேல்ஸ், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி லாகின் முயற்சி வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இங்கே போர்ட் திறப்பது ஒன்பதாவது படி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாறாத பொது ஐபி முகவரி ஒன்று வேண்டும். டொமைனின் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் அமைப்பு) பதிவுகளை மாற்றும் அனுமதி, சர்வரில் ரூட் (முழு நிர்வாக) அனுமதி, ரவுட்டர் அல்லது ஃபயர்வால் பாஸ்வேர்டு இவையெல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும். டிஎன்எஸ் மட்டும் வேறொருவர் கையில் இருந்தால் வேலை பாதியில் நின்றுவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் அமைப்புக் கோப்புகளை முழுசாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஓடிக்கொண்டிருக்கும் சர்வர். கெடுத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களின் மெயிலும் நிற்கும்.

மொபைல் டேட்டா உள்ள கைப்பேசி ஒன்றும் தேவை, சோதனை முழுவதும் அதில்தான். இன்னொன்றை நிறைய பேர் மறந்துவிடுவார்கள்: யார் யாருக்கு வெளியிலிருந்து மெயில் வேண்டும் என்ற பட்டியல். ஸ்கேனருக்கும் பில்லிங் மென்பொருளுக்கும் என்று என்றோ உருவாக்கிய கணக்குகளுக்கு வெளி லாகின் தேவையே இல்லை. எளிதான பாஸ்வேர்டு ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அவற்றில்தான்.

2. விபிஎன்னா, நேரடியாகவா: முதலில் முடிவெடுங்கள்

வெளியே போகிறவர்கள் சிலர்தான், எல்லோரிடமும் நிறுவனம் கொடுத்த மடிக்கணினி இருக்கிறது என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை) போதும். அதற்குத் திறக்க வேண்டியது யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் ஒரே ஒரு போர்ட், வழக்கமாக 51820, அதுவும் சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் பதிலே சொல்லாது. துழாவுகிறவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் பெரும்பாலானோர் சொந்தக் கைப்பேசியில்தான் மெயில் பார்ப்பார்கள் என்றால் விபிஎன் நாலு நாளைக்குத்தான் தாங்கும். அதை ஆன் செய்ய மறப்பார்கள், மெயில் வரவில்லை என்பார்கள், கடைசியில் கம்பெனி மெயிலைத் தங்கள் தனிப்பட்ட கணக்குக்குத் திருப்பிவிட்டுக்கொள்வார்கள். அது எல்லாவற்றையும்விட மோசம். அந்த நிலையில் நேரடி அணுகலை ஒழுங்காகச் செய்துகொடுப்பதே மேல். விபிஎன் என்று முடிவெடுத்தாலும் 3 முதல் 7 வரையிலான படிகளைச் செய்துவிடுங்கள், அலுவலக வைஃபைக்குள்ளும் பாஸ்வேர்டு திறந்தபடி ஓடக்கூடாது.

3. ஒரே பெயர், உள்ளேயும் வெளியேயும்

சர்வருக்கு ஒரு பெயரை முடிவு செய்யுங்கள், உதாரணமாக மெயில்.எக்ஸாம்பிள்.காம். இதே பெயர்தான் டிஎன்எஸ்ஸில், சான்றிதழில் (இது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் கோப்பு), ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்கப்போகிறது. ஐபி எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். சான்றிதழ் பெயருக்குத்தான் வழங்கப்பட்டிருக்கும், எண்ணைப் போட்டு இணைந்தால் எச்சரிக்கை வரத்தான் செய்யும்.

வெளியே இந்தப் பெயர் பொது ஐபியைக் காட்ட வேண்டும். அலுவலகத்துக்குள் உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு சர்வரின் உள் ஐபியைக் கொடுங்கள். இல்லையென்றால் மடிக்கணினி வீட்டில் வேலை செய்யும், அலுவலகத்தில் நின்றுவிடும். உள்ளிருந்து பொது ஐபிக்குப் போய்த் திரும்பி உள்ளே வரும் பாதையைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. இதற்காகச் சிலர் ஒரே மடிக்கணினியில் 'வீடு', 'ஆபீஸ்' என்று இரண்டு கணக்கு வைத்துக் கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லாத வேலை.

4. சான்றிதழ்

சர்வர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழை வைத்து வெளி அணுகல் கொடுக்காதீர்கள். அதிலும் என்க்ரிப்ஷன் (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) நடக்கும்தான், ஆனால் கைப்பேசி 'இந்த சர்வரை நம்பலாமா' என்று கேட்கும், நீங்கள் 'பரவாயில்லை, ஓகே கொடுங்கள்' என்பீர்கள். அந்த நாளோடு உங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கையைக் கண்டதும் ஓகே அழுத்தப் பழக்கிவிட்டீர்கள். நாளைக்கு ஏதோ ஒரு ஓட்டல் வைஃபையில் நடுவில் ஒருவன் தன் சான்றிதழை நீட்டினாலும் அதே ஓகேதான் அழுத்துவார்கள், பாஸ்வேர்டு அவனிடம் போய்விடும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பில் இலவசமாகவே சான்றிதழ் கிடைக்கிறது. பெயர் உங்களுடையதுதான் என்பதை முக்கியமாக இரண்டு வழியில் நிரூபிக்கலாம்: போர்ட் 80 வழியாக, அல்லது டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு சேர்த்து. டிஎன்எஸ் வழியையே எடுங்கள் என்பேன், எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, இடைநிலைச் சான்றிதழும் (உங்கள் சான்றிதழை அதை வழங்கிய அமைப்போடு இணைப்பது) சேர்ந்த முழுச் சங்கிலிக் கோப்பைக் கொடுக்காமல் சர்வரின் சான்றிதழை மட்டும் கொடுப்பது. கணினியில் சில சமயம் வேலை செய்துவிடும், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'நம்பகமற்றது' என்று வரும், உடனே கைப்பேசியில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிடுவார்கள்.

இரண்டாவது புதுப்பித்தல். வழக்கமான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பித்துக் கோப்பை மாற்றிவிடும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டவ்காட் பழைய சான்றிதழையே நினைவில் வைத்திருக்கும். ரீலோட் செய்தால்தான் புதியது வெளியே தெரியும். புதுப்பித்ததும் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ரீலோட் செய்யும் சிறு ஸ்கிரிப்டை சர்ட்பாட்டிலேயே இணைத்துவிடுங்கள். கோப்பு புதிதாக இருக்கிறதே, ஏன் எல்லோருக்கும் காலாவதி என்று வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதெல்லாம் இந்த ஒரு வரி விட்டுப்போனதால்தான். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறையவும் போகிறது; கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

5. மெயில் எடுக்கும் பக்கம்: டவ்காட்

வெளியே கொடுக்க வேண்டியது 993 மட்டும். இணைப்பு தொடங்கும் நொடியிலிருந்தே டிஎல்எஸ் (இணைப்பை என்க்ரிப்ட் செய்யும் முறை) இருக்கும் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) அது. ஐமேப்பின் பழைய போர்ட்டான 143-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே இணைப்பு திறந்த நிலையில் தொடங்கி, அப்புறம்தான் என்க்ரிப்ஷனுக்கு மாறுகிறது. 'கிடைத்தால் பயன்படுத்து' என்று அமைத்த ஆப்பாக இருந்தால், நடுவில் இருப்பவன் ஸ்டார்ட்டிஎல்எஸ் வசதியே இல்லாததுபோல் காட்டிவிடலாம், ஆப் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிவிடும். சர்வர் அதை ஏற்க மறுத்தாலும் பயனில்லை, பாஸ்வேர்டு ஏற்கெனவே கம்பியில் போய்விட்டது. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணமும் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ள போர்ட்களைத்தான் பரிந்துரைக்கிறது.

டவ்காட்டில் எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) அமைப்பை 'ரெக்வயர்ட்' (required) என்று வையுங்கள், 'எஸ்' (yes) என்று மட்டும் விட்டால் கட்டாயம் ஆகாது. குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்பு 1.2. பழைய 1.0-உம் 1.1-உம் 2021 மார்ச்சிலேயே அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டுவிட்டன.

இதைச் சர்வரிலேயே உட்கார்ந்து சோதிக்காதீர்கள். அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை டவ்காட் பாதுகாப்பானதாகவே எடுத்துக்கொண்டு, டிஎல்எஸ் இல்லாமலும் லாகின் விடலாம். அதைப் பார்த்துவிட்டு அமைப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்து நல்லதை எல்லாம் மாற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

பாப்3 என்ற இன்னொரு மெயில் எடுக்கும் முறை வேண்டாம். பல ஆப்களில் அதன் இயல்பு, மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடுவது. வீட்டுக் கணினியில் ஒருவர் ஒருமுறை அப்படி இணைத்துவிட்டால் மறுநாள் காலை அலுவலகத்தில் அவருடைய இன்பாக்ஸ் காலியாக இருக்கும்.

6. அனுப்பும் பக்கம்: போஸ்ட்ஃபிக்ஸ்

நேரம் கொடுத்துச் செய்ய வேண்டிய படி இது. எடுக்கும் பக்கத்தில் தவறு செய்தால் ஒருவர் மெயில் போகும், அனுப்பும் பக்கத்தில் தவறு செய்தால் உலகத்தின் ஸ்பேம் எல்லாம் உங்கள் சர்வர் வழியாகப் போய், உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறி, அலுவலகத்தில் யாருடைய மெயிலுமே போகாது.

போர்ட் 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலானது, மனிதர்கள் அனுப்ப அல்ல. ஸ்பேமைத் தடுக்கப் பல இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து வெளியே போகும் 25-ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. உங்கள் ஆட்களுக்கு 465-ஐக் கொடுங்கள், பழைய ஆப்களுக்காக 587-உம் இருக்கட்டும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் (master.cf) இவை இரண்டுக்கும் வரிகள் ஏற்கெனவே இருக்கும், முன்னால் உள்ள # குறியை எடுத்தால் போதும். எடுக்கும்போது கவனம்: -o உள்ள அமைப்பு வரிகள் இடைவெளியோடுதான் தொடங்க வேண்டும், ஆனால் சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. இந்த ஒரு இடைவெளி மாலை வரை வேலை வாங்கிவிடும்.

டிஎல்எஸ் கட்டாயம் என்பதை இந்த இரண்டு போர்ட்டுக்கு மட்டும் மாஸ்டர் கோப்பில் எழுதுங்கள். மெயின் கோப்பில் (main.cf) எழுதினால் 25-க்கும் அது பொருந்தும், டிஎல்எஸ் இல்லாத வெளி சர்வர்கள் உங்களுக்கு மெயில் போட முடியாமல் திரும்பும். லாகின் வசதியும் அப்படித்தான், 465, 587-இல் மட்டும். 25-இல் லாகினே இல்லையென்றால் அங்கே பாஸ்வேர்டு ஊகிக்க யாராலும் முடியாது.

விதி ஒன்றுதான்: லாகின் செய்தவர் அனுப்பலாம், மற்ற எல்லோருக்கும் மறுப்பு. கூடவே, லாகின் செய்தவர் தன் முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும்படி, எந்த லாகினுக்கு எந்த முகவரி என்ற பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு போனால் அதை வைத்து நிர்வாக இயக்குநர் பெயரில் கணக்குப் பிரிவுக்கு மெயில் அனுப்பலாம்.

இப்போது நம்பிக்கை வலையமைப்புப் பட்டியலைப் பாருங்கள், போஸ்ட்ஃபிக்ஸில் மைநெட்வொர்க்ஸ் என்று இருக்கும். அதில் உள்ள ஐபிகள் லாகின் இல்லாமலே அனுப்பலாம். அலுவலக உள் வலையமைப்பு முழுவதையும் அதில் போட்டிருப்பது வழக்கம். சில ரவுட்டர்கள் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே தள்ளும்போது அனுப்பியவரின் ஐபியைத் தங்கள் உள் ஐபியாக மாற்றிவிடும். அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் பார்வையில் உலகத்தில் உள்ள எல்லோரும் உள் ஆள்தான், கதவு முழுசாகத் திறந்துவிட்டது. நான் கூடப் போய்ப் பார்த்த ஒரு சர்வரில் இதுதான் நடந்திருந்தது: அமைப்புக் கோப்பில் ஒரு பிழையும் இல்லை, லாகில் மட்டும் ஒவ்வொரு இணைப்புக்கும் 192.168.1.1 என்றே இருந்தது, காத்திருப்பு வரிசையில் பல ஆயிரம் மெயில். பட்டியலில் சர்வரின் சொந்த முகவரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். ஸ்கேனருக்கு வேண்டுமென்றால் அதன் ஒரு ஐபியை மட்டும் சேருங்கள்.

7. பாஸ்வேர்டு

போர்ட் திறப்பதற்கு முன்னால் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். உள்ளே மட்டும் இருந்த காலத்தில் பெயரும் 123-உம் சேர்த்து வைத்தது யாருக்கும் உறுத்தியிருக்காது, வெளியே அது ஒரு நாள்கூடத் தாங்காது. நிரல் உருவாக்கும் நீளமான பாஸ்வேர்டாகக் கொடுங்கள், கைப்பேசியில் ஒருமுறைதானே போடப்போகிறார்கள்.

ஓடிபி போன்ற இரண்டாவது அடுக்கைச் சாதாரண ஐமேப் லாகினில் கேட்க வழியில்லை. அதனால் வெப்மெயிலுக்கு இரண்டாம் அடுக்கு வைத்துவிட்டு, ஆப்களுக்குச் சாதனத்துக்கு ஒரு தனிப் பாஸ்வேர்டு கொடுப்பதுதான் நடைமுறை. மெயில்கவ் போன்ற மெயில் சர்வர் தொகுப்புகளில் இந்த வசதி கூடவே வருகிறது. பயன் என்னவென்றால், கைப்பேசி தொலைந்தால் அந்தப் பாஸ்வேர்டை மட்டும் வெட்டலாம், மடிக்கணினியில் வேலை நிற்காது.

8. ஊகிப்பவர்களைத் தடுப்பது

தவறான லாகின் முயற்சிகளை லாகில் பார்த்துத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற நிரலை நிறுவுங்கள். இயல்பில் பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் அந்த ஐபியைப் பத்து நிமிடம் தடுக்கும். தடை நேரத்தைச் சில மணி நேரமாக ஏற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன் அலுவலகத்தின் சொந்த ஐபிகளை விலக்குப் பட்டியலில் போடுங்கள். ஓர் அலுவலகத்தில் மெயில் கொஞ்ச நேரம் வரும், பத்து நிமிடம் எல்லோருக்கும் நிற்கும், மறுபடி வரும், மறுபடி நிற்கும். இரண்டு நாள் இணைய இணைப்பைக் குறை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் ஒருவர் பாஸ்வேர்டு மாற்றியபோது மேசை இழுப்பறைக்குள் கிடந்த பழைய டேப்லெட்டை மறந்துவிட்டார், அது பழைய பாஸ்வேர்டை விடாமல் முயன்றுகொண்டிருந்தது. அலுவலகம் முழுவதும் ஒரே பொது ஐபி வழியாக சர்வருக்குப் போனதால் எல்லோரும் சேர்ந்தே தடைபட்டார்கள்.

நூறு ஐபியிலிருந்து ஆளுக்கு இரண்டு முயற்சி என்று மெதுவாக வருபவர்களை இது பிடிக்காது. அதற்கு ஏழாவது படிதான் மருந்து.

9. இப்போது ஃபயர்வால்

வெளியே திறக்க வேண்டியவை 993, 465, தேவையென்றால் 587. வெப்மெயில் இருந்தால் 443. மெயில் வாங்க 25 ஏற்கெனவே திறந்திருக்கும். 143-உம் பாப்3-க்கான 110, 995-உம் மூடியே இருக்கட்டும். சோதனைக்காக சர்வர் முழுவதையும் வெளியே திறந்துவிடும் வசதி ரவுட்டரில் இருக்கும், அதை ஐந்து நிமிடத்துக்குக்கூடத் தொடாதீர்கள்.

திறந்ததும் வெளியிலிருந்து ஒருமுறை இணைந்து, லாகில் உங்கள் உண்மையான வெளி ஐபி தெரிகிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் ஐபி தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆறாவது படியில் சொன்ன ஆபத்து மட்டுமல்ல, ஃபெயில்2பேன் ரவுட்டரையே தடுத்துவிடும்.

10. வெளியிலிருந்து சோதனை

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் மடிக்கணினியை இணையுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் எஸ்-கிளையண்ட் (openssl s_client) கட்டளையால் 993-க்கும் 465-க்கும் இணைந்து பாருங்கள். கடைசியில் சரிபார்ப்பு எண் 0 என்று வந்தால் சங்கிலி சரி. 21 என்று வந்தால் பெரும்பாலும் முழுச் சங்கிலிக் கோப்பைக் கொடுக்கவில்லை.

அடுத்தது மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்பது. லாகின் செய்யாமல் 465 வழியாக வெளி முகவரிக்கு மெயில் போட்டுப் பாருங்கள், மறுப்பு வர வேண்டும். 25-க்கும் இதே சோதனை வேண்டும், ஆனால் மொபைல் டேட்டாவில் 25 அடைபட்டிருக்கலாம். இணைப்பே கிடைக்காததை 'மறுத்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாமல் வேறொரு வெளி சர்வரிலிருந்து பாருங்கள். மெயில் போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

11. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும்

எடுக்க: ஐமேப், 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்ப: 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், லாகின் தேவை. யூசர்நேம் முழு முகவரியா, முன்பகுதி மட்டுமா என்பதை எழுத்தில் கொடுங்கள்.

மெயில் வருகிறது, போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அனுப்பும் சர்வருக்கான லாகின், பல ஆப்களில் அது தனியாக ஆன் செய்ய வேண்டியது. அடுத்தது போர்ட்டும் பாதுகாப்பு வகையும் ஜோடி மாறியிருப்பது. 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால் ஆப் சர்வர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கும், சர்வர் ஆப்புக்காகக் காத்திருக்கும், சுற்றிக்கொண்டே நின்றுவிடும். 587-இல் எஸ்எஸ்எல் போட்டால் உடனே பிழை வரும். சுற்றுகிறதா, உடனே பிழையா என்று தொலைபேசியில் கேட்டாலே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

தண்டர்பேர்டு மெயில் மென்பொருளில் 'என்க்ரிப்டட் பாஸ்வேர்டு' என்ற தேர்வு பாதுகாப்பானதுபோல் தெரியும், எடுக்காதீர்கள். அது வேறு வகை லாகின் முறை. டிஎல்எஸ்ஸுக்குள் 'நார்மல் பாஸ்வேர்டு'தான் சரி, வெளியே எல்லாமே மறைந்துதான் போகிறது.

ஒவ்வொரு சாதனத்திலும் திரைப்பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கணக்கைச் சேருங்கள். பூட்டு இல்லாத கைப்பேசியில் முந்தைய பத்துப் படிகளுக்கும் அர்த்தமில்லை.

12. கைப்பேசி தொலைந்தால், ஆள் விலகினால்

பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஐமேப் இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் அது தொடர்ந்துகொண்டே இருக்கும், புது மெயில் அந்தக் கைப்பேசிக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை வெட்டுங்கள், அடுத்து டவ்காட்டின் லாகின் கேஷை (பழைய லாகின் விவரங்களின் தற்காலிக நினைவு) காலி செய்யுங்கள், அப்புறம் டோவ்அட்மின் கிக் (doveadm kick) கட்டளையால் அவருடைய இணைப்புகளைத் துண்டியுங்கள். வரிசை மாற்றி முதலில் துண்டித்தால் கைப்பேசி சில நொடியில் மறுபடி உள்ளே வந்துவிடும்.

பிறகு அந்தக் கணக்கின் வடிகட்டி விதிகளைத் திறந்து, மெயிலை வெளி முகவரிக்குத் திருப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது. உள்ளே வந்தவன் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தால் அவனுக்கு லாகினே தேவையில்லை.